டர்பன் நகரப் பேச்சு: ஒரு மணி நேரத் தமிழ் வானொலி நிகழ்ச்சியை எப்படிக் கட்டுவது?

#1 உம்பிலோக்கரை

எல்லோருக்கும் வணக்கம். டர்பன் நகர விவகாரங்களைத் தமிழில் பேச உள்ளூர் வானொலியில் வாரம் ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை காலை, நேரலை, அழைப்புகளும் உண்டு. தண்ணீர், குப்பை, ரோடு, ரேட்ஸ் (வீட்டு வரி) பில் எல்லாம் பேச வேண்டும். கோயில், மார்க்கெட், திருவிழா, மொழி ஆகியவற்றையும் விடக்கூடாது.

நம்மவருக்கான லோட்டஸ் எஃப்.எம். வானொலி 1983-இல் தொடங்கிய நாள் முதல் நம்மவர் காதுக்குப் பழகியது ஆங்கிலத்தில் பேச்சு, தமிழில் பாட்டு. மாநகராட்சி பட்ஜெட்டைத் தமிழில் விளக்கிச் சொல்லும் பழக்கம் மிகக் குறைவு. நம் தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 6-ஆம் பிரிவு, மதிப்புக் கொடுத்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த மதிப்பு அர்ச்சனைக்கும் வாழ்த்துக்கும் மட்டும் ஆனதல்ல, குழாய் உடைந்தால் அதைச் சொல்லவும் ஆனது என்பது என் எண்ணம்.

கேட்க விரும்புவது இவை. மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? அழைப்புகளை எப்படிக் கையாளுவது? எந்தத் தமிழில் பேசுவது? எல்லாவற்றுக்கும் மேல், நேயர் சொல்லும் குறை கிணற்றில் போட்ட கல்லாகப் போகாமல் இருக்க என்ன செய்வது?

#2 ஒலிப்பலகை

முதலில் கடிகாரம். 60 நிமிடம் என்பார்கள், கைக்கு வருவது 50 கூட இருக்காது. மணி தொடங்கும்போது 5 நிமிடச் செய்தி. நடுவில் 2 நிமிடத் தலைப்புச் செய்தி. அறிவிப்பு, விளம்பரத்துக்கு 5, 6 நிமிடம். மீதியில்தான் நம் சமையல்.

அழைப்புக்கு 18 நிமிடம் ஒதுக்கினால் ஓர் அழைப்புக்கு இரண்டரை நிமிடம் என்று 7 பேர் பேசலாம். 12 பேரை நுழைக்கப் பார்த்தால் யாருடைய விஷயமும் முழுதாக வராது. "நேரம் இல்லை, சுருக்கமாச் சொல்லுங்க" என்பதையே தொகுப்பாளர் நிகழ்ச்சி முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

விருந்தினர் ஒருவர் போதும். இரண்டு பேர் என்றால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள், நேயர் வெளியே நிற்பார்.

மைக்: பெரிய கண்டென்சர் மைக் வேண்டாம். ஏசி சத்தம், நாற்காலிச் சத்தம், பக்கத்து அறைப் பேச்சு எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். டைனமிக் மைக் எடுத்து, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், நேராக இல்லாமல் கொஞ்சம் ஓரமாகச் சாய்த்து வையுங்கள். நகர விஷயம் பேசும்போது "பில்", "பஸ்", "போலீஸ்", "பைப்" என்று பகரம் கொட்டும். நேருக்கு நேர் பேசினால் ஒவ்வொன்றும் பட்டாசு மாதிரி வெடிக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தத்தைக் கன்சோலிலேயே (ஒலிக் கலவைப் பலகை) வெட்டிவிடுங்கள்.

அளவு: பேச்சு சராசரியாக மைனஸ் 18 டெசிபலில் நிற்கட்டும், உச்சம் மைனஸ் 9-ஐத் தாண்டக்கூடாது. டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் இருக்கும் பிராசசர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஸ்டுடியோவிலேயே ஏற்றி அனுப்பினால் அது இன்னும் நசுக்கும், குரல் தகரத்தில் தட்டியதுபோல் ஆகிவிடும்.

#3 வார்டுக்கணக்கு

உம்பிலோக்கரை தம்பி, உங்கள் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. நகரப் பேச்சு நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சாவது ஒரே காரணத்தால்: இந்த வாரம் கேட்ட குறை அடுத்த வாரம் திரும்பி வருவதில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

ஆகவே செய்தி முடிந்ததும் முதல் 7 நிமிடத்தைப் பழைய குறைகளுக்கு வையுங்கள். "போன வாரப் பாக்கி" என்று பெயர் வைத்தால் எல்லோருக்கும் புரியும். அதற்கு ஒரு பதிவேடு வேண்டும். மாதிரி ஒன்று:

"எண் 14. இடம்: ஓவர்போர்ட், பள்ளி மதிலை ஒட்டிய இறக்கம். குறை: மழைநீர்க் குழிக்கு மூடி இல்லை. நேயர் மாநகராட்சிக்குச் சொன்ன நாள். புகார் எண். யார் பொறுப்பு: ரோடு, மழைநீர்ப் பிரிவு. நாம் கேட்ட நாள். வந்த பதில். அடுத்து கேட்கும் நாள்."

இதில் புகார் எண் இல்லாத குறையை நேரலைக்கு எடுக்காதீர்கள். கொடுமையாகத் தெரியலாம். ஆனால் அந்த எண் இல்லாவிட்டால் அதிகாரி சொல்லும் முதல் வாக்கியம் "எங்களுக்கு யாரும் சொல்லவில்லை" என்பதுதான், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எண் இல்லாத நேயரிடம் தயாரிப்பாளர் அழைப்பு அறையிலேயே எப்படிப் புகார் கொடுப்பது என்று சொல்லி, எண் வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் கூப்பிடச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, எந்தக் கதவு. இதில் தவறினால் அரை மணி நேரம் வீண். என்2, என்3 இரண்டும் தேசிய ரோடு நிறுவனமான சான்ரால் கையில். ஆர் எண் போட்ட ரோடுகளில் பல மாகாணப் போக்குவரத்துத் துறையின் கீழ். உள் தெருவும் ரோபோட்டும் (டிராஃபிக் லைட்) மாநகராட்சி. போலீஸ் நிலையம் தேசிய அரசு, மெட்ரோ போலீஸ் மாநகராட்சி. ஆர்.கே. கான், மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை இரண்டும் மாகாண சுகாதாரத் துறை. பள்ளிக்கூடம் மாகாணக் கல்வித் துறை. ரயில், பிரசா என்ற தேசியப் பயணிகள் ரயில் நிறுவனம். கரண்ட் பெரும்பாலும் மாநகராட்சி மின்பிரிவு, ஓரத்துப் பகுதிகள் சிலவற்றில் தேசிய மின் நிறுவனமான எஸ்காம். வார்டு கவுன்சிலரைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரி வரிசையைப் பற்றிக் கேட்டால் அவர் அனுதாபம் சொல்வார், வேறொன்றும் நடக்காது.

ஈத்தெக்வினி மன்றத்தில், அதாவது டர்பன் மாநகராட்சி மன்றத்தில், 222 இடம். அதில் 111 பேர் வார்டுக்கு நின்று வந்தவர்கள், 111 பேர் கட்சிப் பட்டியல். தெருக்குறைக்கு வார்டுக்காரர், கொள்கைக்குக் குழுத் தலைவர், வேலை ஏன் நடக்கவில்லை என்பதற்கு அந்தத் துறையின் அதிகாரி. மூன்றும் மூன்று வேறு நாற்காலி.

#4 கூழ்ப்பானை

எந்தத் தமிழ் என்று கேட்டீர்கள். இங்கே கேட்கப் போகிறவர்கள் மூன்று வகை. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த தாத்தா, ஆயா. புரியும், ஆனால் பதில் ஆங்கிலத்தில் சொல்லும் அவர்கள் பிள்ளைகள். இந்தியாவிலிருந்து இலங்கையிலிருந்து அண்மையில் வந்தவர்கள். முதல் இரண்டு வகைக்கு மேடைத் தமிழ் எட்டாது.

"உட்கட்டமைப்பு மேம்பாட்டு நிதி ஒதுக்கீடு" என்றால் ஆயா ரேடியோவை அணைத்துவிடுவார். "குழாய், ரோடு, கரண்ட் கம்பி போடுறதுக்கு வச்ச காசு" என்றால் கேட்பார். ஊர் வழக்கில் இருக்கும் சொல்லை அப்படியே எடுங்கள்: ரோபோட், பேக்கி (சின்ன சரக்கு வண்டி), ரேட்ஸ், லைட் பில், டாக்ஸி ரேங்க் (டாக்ஸி நிலையம்), கோம்பி (சின்ன வேன்). "போக்குவரத்து சமிக்ஞை விளக்கு" என்று டர்பனில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வேகம்: நிமிடத்துக்கு 100 சொல்லுக்கு மேல் போகாதீர்கள். தமிழ்ச் சொல் நீளம், விகுதி எல்லாம் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கில வேகத்தில் போனால் "வந்தது", "வரவில்லை" என்ற வித்தியாசமே வால் பகுதியில் காணாமல் போகும்.

ஆங்கிலக் கலப்பைப் பற்றி என் கருத்து: வாக்கியத்துக்கு வாக்கியம் மாற்றி மாற்றிப் பேச வேண்டாம். ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் ஒருமுறை, 20 விநாடி, ஆங்கிலத்தில் "இதுவரை பேசியது இது" என்று சொன்னால் பேரப்பிள்ளையும் அறையில் தங்குவான். நேயர் ஆங்கிலத்தில் பேசினால் பேசட்டும், தொகுப்பாளர் அதை இரண்டு வரியில் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஜூலு மொழியில் கூப்பிட்டால் அதே மரியாதை, அதே இரண்டு வரி. டர்பன் தண்ணீர்க் குழாய் நம் வீட்டு வாசலோடு நின்றுவிடவில்லை. நம்மவர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸும் ஜூலு மக்கள் அதிகம் வாழும் இனாண்டாவும் அடுத்தடுத்த ஊர்.

#5 வடக்குக்குழாய்

முதல் நிகழ்ச்சிக்குத் தண்ணீரை எடுப்பதாக இருந்தால், தொகுப்பாளருக்கு இந்த அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வரும் எந்தப் பதிலையும் எடைபோட முடியாது.

மொத்தத் தண்ணீரை விற்பது உம்ங்கேனி–உதுக்கேலா வாரியம். மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகிள், இனாண்டா அணைகளிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து மாநகராட்சிக்குக் கொடுக்கிறது. மாநகராட்சி தன் தொட்டிகளில் நிரப்பித் தெருவுக்கு விடுகிறது. ஆகவே முதல் கேள்வி: "எங்கள் பகுதித் தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லையா, தொட்டியில் இருந்தும் தெருவுக்கு வரவில்லையா?" இதற்குப் பதில் வந்தால்தான் யாரைக் கேட்பது என்று தெரியும்.

இரண்டாவது, மேட்டு வீடு. "கீழ்த் தெருவில் வந்துவிட்டது, எங்களுக்கு மட்டும் இல்லை" என்ற அழைப்பு நிச்சயம் வரும். குழாய் ஒருமுறை காலியானால் காற்று புகுந்து மேடான இடத்தில் தங்கிவிடும். தண்ணீர் திரும்ப வரும்போது தாழ்ந்த வீடுகள் முதலில் இழுத்துக்கொள்ளும், தொட்டி மட்டம் ஏறாது, மேட்டுக்குத் தள்ளும் அழுத்தம் கிடைக்காது. காற்றை வெளியேற்றும் வால்வு வேலை செய்யாவிட்டால் நாள் கணக்கில் இழுக்கும். "காற்று வால்வைத் திறந்து பார்த்தீர்களா, எந்த நாள்?" என்று கேட்டால் அதிகாரி பொதுவாகப் பேசித் தப்ப முடியாது.

மூன்றாவது, சட்டம் சொல்லும் அளவு. 2001-ஆம் ஆண்டின் தேசிய விதிகள்படி குறைந்தபட்ச வழங்கல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர், அல்லது ஒரு வீட்டுக்கு மாதம் 6 கிலோலிட்டர். எட்டுப் பேர், 25 லிட்டர், 30 நாள் என்று பெருக்கினால் 6,000 லிட்டர், கணக்கு அங்கிருந்து வந்தது. 200 மீட்டருக்குள் கிடைக்க வேண்டும், நிமிடத்துக்கு 10 லிட்டருக்குக் குறையாமல் ஓட வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் மாற்று ஏற்பாடாக ஒருவருக்கு நாளுக்கு 10 லிட்டராவது குடிநீர் கொடுக்க வேண்டும். லாரி "வந்தது" என்று பதில் வந்தால் எத்தனை மணிக்கு, எந்தத் தெருமுனையில், எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். தெருவில் எத்தனை பேர் என்பது நேயருக்குத் தெரியும், பத்தால் பெருக்கிக்கொள்வார்.

2022 ஏப்ரல் 11, 12 வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து அந்தப் பக்கம் மாதக்கணக்கில் லாரித் தண்ணீரை நம்பி இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் வானொலி செய்யக்கூடிய பெரிய உதவி லாரி நேரப் பட்டியல்தான். அரை மணிக்கு ஒருமுறை, ஊர்ப்பெயர் அகர வரிசையில், மெதுவாக, இரண்டு தடவை வாசிக்க வேண்டும். கைப்பேசிக் கோபுரத்துக்குக் கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தால் வாட்ஸ்அப் இருக்காது. நான்கு பேட்டரி போட்ட ரேடியோ இருக்கும்.

பில் எகிறிய அழைப்புக்கு: மீட்டரில் கறுப்பு எண் கிலோலிட்டர், சிவப்பு எண் லிட்டர். எல்லாக் குழாயையும் மூடி, எண்ணைப் படம் எடுத்து, ஒரு மணி கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். சிவப்பு நகர்ந்திருந்தால் வீட்டுக்குள் கசிவு, பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டி. நகரவில்லை என்றால் பில்லில் இருப்பது உண்மையாகப் படித்த அளவா, மதிப்பீடா என்று பார்க்க வேண்டும்.

#6 உம்பிலோக்கரை

வடக்குக்குழாய் ஐயா, மிக்க நன்றி. இதையெல்லாம் விருந்தினரிடம் கேட்க எழுதி வைத்துக்கொண்டேன். ஒலிப்பலகை அண்ணா, தொலைபேசிப் பக்கம் என்ன கவனிக்க வேண்டும்? இன்னொன்று, நேயர் ஒருவர் நேரலையில் "இந்த ஆபீசர் காசு வாங்கினார்" என்று பெயர் சொல்லிவிட்டால்?

#7 ஒலிப்பலகை

தொலைபேசிக்கு மூன்று விஷயம்.

ஒன்று, நேயருக்குத் திருப்பி அனுப்பும் ஒலியில் அவருடைய குரல் இருக்கக்கூடாது, மற்ற எல்லாம் இருக்க வேண்டும். முழுக் கலவையை அனுப்பினால் தன் குரலே சற்றுத் தாமதித்துக் காதில் விழும், மனுஷர் தடுமாறி நிறுத்திவிடுவார். இரண்டு நேயர் ஒரே நேரம் என்றால் இரண்டு பேருக்கும் தனித்தனிக் கலவை.

இரண்டு, 7 விநாடித் தாமதக் கருவி. தவறான பேச்சு வந்தால் பொத்தானை அழுத்தினால் அந்த 7 விநாடி வெளியே போகாது. அழுத்திய பிறகு தாமதம் பூஜ்யம் ஆகிவிடும், மெல்ல மெல்லத்தான் மறுபடி சேரும். அந்த இடைவெளியில் இன்னொரு அழைப்பு எடுக்காதீர்கள், ஒரு அறிவிப்பு ஓட்டுங்கள். நேயர் வீட்டு ரேடியோ சத்தமாக இருந்தால் அவர் 7 விநாடிக்கு முந்தைய தன் பேச்சையே கேட்டுக் குழம்புவார். "ரேடியோவை அணைச்சிட்டு போன்ல மட்டும் கேளுங்க" என்பது அழைப்பு அறையின் முதல் வாக்கியமாக இருக்கட்டும்.

மூன்று, வாட்ஸ்அப் குரல் பதிவு. 45 விநாடிக்கு மேல் வேண்டாம். போனை மைக்குக்கு முன் பிடிக்காதீர்கள், கம்பி போட்டுக் கன்சோலுக்குக் கொண்டுவாருங்கள். தொடக்கத்தில் விரல் பட்ட சத்தம் இருக்கும், வெட்டிவிடுங்கள். ஒலிபரப்புக்கு முன் கடைசி வரை கேளுங்கள். 40-ஆவது விநாடியில்தான் வசவு இருக்கும்.

#8 நடுப்பக்கம்

பெயர் சொல்லிக் குற்றம் சாட்டும் அழைப்பு: பொத்தானை அழுத்துங்கள், தயங்க வேண்டாம். பிறகு தொகுப்பாளர் சொல்ல வேண்டியது, "ஒருத்தரைப் பத்தின புகார், அவர் பக்கம் இன்னும் கேக்கல, அதனால பெயரை எடுத்துட்டோம். விவரத்தை எழுத்தில வாங்கிக்குறோம்." அதை உண்மையிலேயே வாங்க வேண்டும். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் 1998-ஆம் ஆண்டு போகோஷி தீர்ப்புக்குப் பிறகு ஊடகத்துக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு, ஆனால் அது விசாரித்து, மறுதரப்பைக் கேட்டு, நியாயமாக வெளியிட்டவர்களுக்கு. நேரலையில் வந்து விழுந்த வார்த்தைக்கு அந்தக் குடை விரியாது.

ஒலிபரப்புப் புகார் ஆணையத்தின் நெறி, பொது முக்கியத்துவம் உள்ள சர்ச்சை என்றால் எதிர்க் கருத்தை அதே நிகழ்ச்சியிலோ, அதே தொடரில் நியாயமான காலத்துக்குள்ளோ தர முயல வேண்டும் என்கிறது. விமர்சிக்கப்பட்டவருக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். கருத்து வேறு, செய்தி வேறு என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டும். நேயர் ஒலிபரப்பான நாளிலிருந்து 30 நாளுக்குள் ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம், ஆகவே முழுப் பதிவை அதைவிட நீண்ட காலம் பத்திரமாக வையுங்கள். பதிவு கையில் இல்லாத நிலையம் வாதாட முடியாது.

அதிகாரி வர மறுத்தால் "வர மறுத்தார்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தத் தேதியில், எப்படிக் கேட்டோம், என்ன கேள்வி அனுப்பினோம், எத்தனை மணி வரை காத்திருந்தோம் என்று சொல்லுங்கள். குறைந்தது 48 மணி நேரம் கொடுங்கள். வெள்ளி மாலை அனுப்பிச் சனி காலை குறை சொல்வது நேர்மை இல்லை.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த ஊர் 1949 ஜனவரிக் கலவரத்தையும் 2021 ஜூலைக் கலவரத்தையும் பார்த்த ஊர். இனத்தைச் சுட்டிப் பேசும் அழைப்பு வரும், சிரித்துக்கொண்டே வரும். விதி ஒன்றுதான்: நடந்த செயலைப் பேசலாம், சமூகத்தைப் பேசக்கூடாது. "அவங்க எல்லாரும்" என்ற சொல் வந்ததும் தொகுப்பாளர் குறுக்கிட்டு "யார், எந்த இடம், என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அதற்குப் பதில் இருக்காது. இனம், மதம் சார்ந்த வெறுப்பைக் கிளப்பித் தீங்குக்குத் தூண்டும் பேச்சுக்குச் சாசனத்தின் 16-ஆம் பிரிவு பாதுகாப்புத் தரவில்லை. பதற்றமான நேரத்தில் சரிபார்க்காத எந்த வாட்ஸ்அப் பதிவையும் ஒலிக்க விடாதீர்கள்.

தேர்தல் காலம் என்றால் எல்லாக் கட்சிக்கும் சம நியாயம். வேட்பாளராக நிற்கும் கவுன்சிலரைச் சாதாரண விருந்தினராகக் கூப்பிட முடியாது. கட்சி விளம்பரம் வாக்குப்பதிவு தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்பே நின்றுவிட வேண்டும்.

#9 வார்டுக்கணக்கு

நடுப்பக்கம் சொன்ன 48 மணி நேரத்தை வழிமொழிகிறேன். வியாழன் காலை 9 மணிக்குக் கேள்வி போய்ச் சேர்ந்தால் சனி காலை உங்கள் கை சுத்தம்.

இப்போது பட்ஜெட். மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30. வரைவு பட்ஜெட் அதற்கு 90 நாள் முன்பு, அதாவது மார்ச் இறுதிக்குள் மன்றத்துக்கு வர வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பொதுமக்கள் கூட்டம். மே இறுதிக்குள் மன்றம் முடிவெடுக்கப் பார்க்கும். பில் ஏறியதும் ஜூலையில் கத்துவது பழக்கமாகிவிட்டது. பேச வேண்டிய மாதம் ஏப்ரல். அந்த மாதம் நான்கு சனிக்கிழமையும் இதற்கே கொடுங்கள்.

ரேட்ஸ் கணக்கை வானொலியில் சொல்ல ஒரே ஒரு உதாரணம் எடுங்கள். வீட்டின் மதிப்பு 10 லட்சம் ரேண்ட். சட்டப்படி முதல் 15,000-க்கு வரி கிடையாது, மாநகராட்சி அதற்கு மேலும் விலக்குத் தரலாம். மீதி 9,85,000. ரேண்டுக்கு 1.3 சென்ட் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 12,805, மாதம் 1,067. மைக்கில் "ஆயிரத்து எழுபது கிட்ட" என்று சொல்லுங்கள். அதை நேயர் மனதில் பிடித்துக்கொள்வார், "ஒன்று புள்ளி மூன்று சென்ட்" என்பதைப் பிடிக்க மாட்டார்.

வீட்டு மதிப்பே தவறு என்றால் அது வேறு வழி: புதிய மதிப்பீட்டுப் பட்டியல் பார்வைக்கு வைக்கும் காலத்தில், குறைந்தது 30 நாள், படிவத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். ஆட்சேபம் கொடுத்துவிட்டேன் என்று கட்டணத்தை நிறுத்திவிட முடியாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பில்லில் குறிப்பிட்ட ஒரு தொகை தவறு என்று தகராறு எழுப்பினால் மாநகராட்சி முறைமைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவு அந்தத் தொகைக்கு மட்டும் காப்பு தருகிறது. "பில் முழுக்கத் தப்பு" என்று எழுதினால் காப்பு இல்லை. எந்த வரி, எந்த மாதம், எவ்வளவு என்று எழுத வேண்டும்.

கேட்டும் ஆவணம் வரவில்லையா? தகவல் கேட்டுப் பெறும் உரிமைக்கான பாயா சட்டம், 2000. படிவம் 2. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 60 நாளுக்குள் மாநகராட்சிக்குள்ளேயே மேல்முறையீடு. அதுவும் ஆகாவிட்டால் 180 நாளுக்குள் தகவல் ஒழுங்குமுறை ஆணையம். "தண்ணீர் பற்றிய எல்லா ஆவணமும்" என்று கேட்காதீர்கள், தள்ளிவிடுவார்கள். "இந்தத் தொட்டியின் தினசரி மட்டம், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்று கேளுங்கள்.

#10 கூழ்ப்பானை

எல்லாம் நன்றாகப் போகிறது, ஆனால் பண்பாட்டை எல்லோருமே கடைசிக்குத் தள்ளிவிட்டீர்கள் போலிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. டர்பனில் இரண்டும் ஒரே விஷயம்.

ப்ளூ லகூனை எடுங்கள். உம்ங்கேனி ஆறு கடலில் சேரும் இடம். நம் மக்கள் அங்கே பூஜை செய்கிறார்கள், கரகம் கொண்டுவருகிறார்கள், தண்ணீரில் இறங்குகிறார்கள். ஆற்றில் கழிவுநீர் கலந்தால் அது சுகாதாரச் செய்தியா, கோயில் செய்தியா? நிகழ்ச்சியில் இப்படிச் சொல்லலாம்: 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை எண்ணிக்கை 500-ஐத் தாண்டினால் இறங்குவது ஆபத்து என்பது பொதுவாகக் கையாளும் எல்லை. மாதிரி எடுத்தபின் கிருமியை வளர்த்து எண்ண ஏறத்தாழ ஒரு நாள் ஆகும், ஆகவே சனிக்கிழமை கிடைக்கும் முடிவு வெள்ளிக்கிழமைத் தண்ணீருடையது. நடுவில் மழை பெய்திருந்தால் அந்த எண் செல்லாது. கடைசி மாதிரி எடுத்த தேதியைச் சொல்லாமல் "கடல் திறந்திருக்கிறது" என்று மட்டும் வாசிக்காதீர்கள். கூடவே, தேங்காய், பூ ஆற்றோடு போகும், பிளாஸ்டிக் தட்டும் கற்பூரப் பெட்டியும் சாமிப் படத்துக் கண்ணாடியும் கரையிலேயே கிடக்கும் என்பதையும் நாமே சொல்ல வேண்டும். அடுத்தவர் சொல்லித்தான் நாம் கேட்க வேண்டும் என்றில்லை.

வார்விக் சந்திப்பில் உள்ள அதிகாலை மார்க்கெட்டும் அப்படித்தான். கீரை, மூலிகை, வெற்றிலை வாங்கும் இடம் மட்டுமல்ல அது. 2009-இல் அங்கே மால் கட்டத் திட்டம் வந்து, வியாபாரிகளின் எதிர்ப்பில் நின்றுபோனது. நூற்றாண்டு காணும் நேரத்தில் அது காணாமல் போயிருக்கும். அந்த மார்க்கெட்டைப் பற்றிப் பேசும்போது கழிப்பறை, கூரை, வாடகை, வண்டி நிறுத்தம், அதிகாலையில் ரேங்கிலிருந்து நடந்து வரும் பெண்களின் பாதுகாப்பு எல்லாமே அதில் அடங்கும். கள ஒலி எடுக்கப் போனால் காலை 6 மணிக்கு முன் போங்கள். கூடை இறக்கும் சத்தம், விலை கூவும் குரல் ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்து வையுங்கள். பேட்டியைக் கடைக்குள், துணிமூட்டைக்குப் பக்கத்தில் எடுத்தால் எதிரொலி குறையும்.

தீபாவளி வெடி விவாதமும் ஆண்டுதோறும் வரும். அதை அக்டோபர், நவம்பரில் வெடித்த பிறகு பேசாதீர்கள், ஆகஸ்டில் பேசுங்கள். எந்த நேரம், எந்தத் திடல், நாய் பூனைக்கு என்ன வழி என்று ஏற்பாடு செய்ய அப்போதுதான் அவகாசம் இருக்கும். பெரிய வெள்ளியன்று கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்தில் தீமிதி. அதற்கு முந்தைய சனிக்கிழமை ரோடு மூடல், ஆம்புலன்ஸ் நிற்கும் இடம், எந்தப் பக்கம் வண்டி விடலாம் என்பதை விருந்தினரைக் கொண்டே சொல்ல வையுங்கள். ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாட்களுக்கும் அதே முறை.

#11 ஒலிப்பலகை

அக்கா சொல்வது சரி, கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறேன். பண்பாட்டுக்குத் தனிப் பெட்டி வேண்டாம். விருந்தினர் பகுதியிலேயே வாரம் விட்டு வாரம் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.

கரண்டு பற்றி ஒரு வார்த்தை. லோட் ஷெடிங் குறைந்தாலும் கம்பி திருட்டும் மின்மாற்றிக் கோளாறும் இருக்கின்றன. ஸ்டுடியோவில் யு.பி.எஸ். வைத்தால் கன்சோல், கணினி, தொலைபேசிக் கருவி மூன்றை மட்டும் அதில் மாட்டுங்கள். லேசர் பிரிண்டரையோ ஏசியையோ யாராவது அதில் செருகினால் சில நிமிடத்தில் தீரும். டிரான்ஸ்மிட்டர் இருக்கும் மலைக்கும் அங்கே ஒலியை அனுப்பும் இணைப்புக்கும் தனிக் காப்பு வேண்டும். ஸ்டுடியோவில் விளக்கு எரிகிறது என்பதற்காக ஊருக்குக் கேட்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு சிறிய ரேடியோவை நிலையத்தின் அலைவரிசையில் வைத்து, தாமதக் கருவியைக் கடந்து வருவதை யாராவது ஒருவர் வெளி அறையில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பின்னால் இணையத்தில் ஏற்றும்போது பேச்சை மோனோவில், மைனஸ் 19 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) அளவில் வையுங்கள். கோப்பின் பெயரில் தேதி முதலில், பிறகு தலைப்பு. "புதியது", "கடைசி" என்று பெயர் வைத்தால் ஆறு மாதத்தில் எதையும் தேட முடியாது.

#12 உம்பிலோக்கரை

முதல் நிகழ்ச்சி தண்ணீர் என்று முடிவு. பதிவேடு தொடங்கியாயிற்று. தொடக்கப் பேச்சை இப்படி எழுதினேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"அன்பார்ந்த நேயர்களே, நமது மாநகரில் நிலவி வரும் குடிநீர் விநியோகத் தடங்கல்கள் தொடர்பாக இன்றைய நிகழ்ச்சியில் துறை சார்ந்த அதிகாரியுடன் கலந்துரையாட இருக்கிறோம்."

#13 கூழ்ப்பானை

தம்பி, இதை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். "விநியோகத் தடங்கல்கள்" வரும்போது மூச்சு முடியும், பொருள் அதற்குப் பிறகுதான் வரும். ஆயாவிடம் பேசுவதுபோல் மாற்றிப் பார்க்கிறேன்:

"காலை வணக்கம். வேருலத்துல, டோங்காட்டுல, ஃபீனிக்ஸ் மேட்டுல குழாயைத் திறந்தா இன்னைக்குத் தண்ணி வருதா, காத்து வருதா? தொட்டியில எவ்வளவு இருக்கு, லாரி எத்தனை மணிக்கு வருது, பில்லு எப்படி எழுதறாங்க, அதுக்குப் பதில் சொல்றவர் இன்னைக்கு இங்க உக்காந்திருக்கார். புகார் எண்ணைக் கையில எடுத்து வச்சுக்குங்க."

மெதுவாகப் படித்தாலும் அரை நிமிடத்துக்குள் முடியும். பின்னணி இசை வேண்டாம், "காத்து வருதா" என்ற இடத்தில் ஒரு விநாடி நிறுத்துங்கள். ஊர்ப்பெயர்களை வாராவாரம் மாற்றுங்கள், அடுத்த வாரம் சாட்ஸ்வொர்த், மேரிபேங்க், ஐசிபிங்கோ. முதல் வாரம் என்பதால் போன வாரப் பாக்கி இருக்காது. அந்த 7 நிமிடத்தில் புகார் எண் வாங்குவது எப்படி என்பதைப் படிப்படியாக, இரண்டு தடவை சொல்லிவிட்டு விருந்தினருக்குப் போங்கள்.